‘வேறுபாடு இல்லை’ என்று வந்த அட்டவணை: கொடுக்கில்லாத் தேனீயின் சுரப்பிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் நான்கு பேர் வருகிறோம்: ஒரு முதுகலை மாணவி, அவருடைய வழிகாட்டி, ஆய்வக உதவியாளர், நுண்ணோக்கி அறையைப் பார்த்துக்கொள்ளும் நான். கொடுக்கில்லாத் தேனீயில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் ஆணுக்கும் சுரப்பிகள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் மாணவியின் ஆய்வு. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மரப்பெட்டிக் கூடு. டெட்ராகோனுலா பேரினத்தைச் சேர்ந்த, கொசுத்தேனீ என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சின்னத் தேனீ. நீளம் 4 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை.

ஒரு வார்த்தை பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணி, வேலைக்காரி என்ற பிரிவைச் சில நூல்கள் ‘சாதி’ என்று எழுதுகின்றன. நான் ‘பிரிவு’ என்றே எழுதப் போகிறேன். சாதி என்றால் பிறப்பிலேயே முடிவானது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தத் தேனீக்களில் பெரும்பாலானவற்றில் முடிவு செய்வது அறையில் வைக்கப்படும் உணவின் அளவு.

உணவு வைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பிறகு தேவைப்படும். கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ போன்ற கொடுக்குள்ள தேனீக்கள் புழுவுக்கு நாள்தோறும் ஊட்டும். கொடுக்கில்லாத் தேனீ அப்படி ஊட்டுவதில்லை. வேலைக்காரிகள் மெழுகும் செடிப்பிசினும் குழைத்து ஓர் அறை கட்டுகின்றன. தலையில் உள்ள சுரப்பியின் சுரப்பையும் தேனையும் மகரந்தத்தையும் கலந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த அறைக்குள் கக்குகின்றன. அறை நிறைந்ததும் ராணி வந்து அந்தக் கூழின் மேல் ஒரு முட்டை இடுகிறாள். உடனே அறை மூடப்படுகிறது. உள்ளே புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, தேனீயாக வெளியே வரும்வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பெரிய அறையில் அதிகக் கூழ் கிடைத்த பெண் புழு ராணியாகிறது. கூழ் ஒன்றேதான், அளவு மட்டும் வேறு.

மெலிப்போனா பேரினம் இதற்கு விலக்கு. அங்கே ராணி அறை என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லா அறைகளும் ஒரே அளவு. 1950-இல் கெர் என்ற ஆய்வாளர், இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு, நல்ல தீனி கிடைத்தால் பெண்களில் கால்வாசி வரை ராணியாகலாம் என்றார். 2010-இல் வேறொரு குழு, அறையில் கூழ் வைக்கும் வேலைக்காரியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள ஜெரானியால் என்ற பொருளுக்கும் இதில் கை உண்டு என்று காட்டியது. எங்கள் தேனீ அந்த வகை இல்லை. ஆனாலும் ஒரு பிரிவு உருவாவதிலேயே சுரப்பி வந்து நிற்கிறது என்பதால்தான் மாணவி இந்தத் தலைப்பை விரும்பி எடுத்தார்.

முதல் சுற்றில் செய்தது

மாணவி வேலைக்காரிகளைக் கூட்டின் வாசல் குழாயில் உறிஞ்சு குழலால் பிடித்தார். எளிது, கூட்டைத் திறக்க வேண்டாம். ராணிகளுக்காகப் பெட்டியை இரண்டு முறை திறந்து, உள்ளே திரிந்தவற்றில் பின்காலில் மகரந்தக் கூடை இல்லாதவற்றைப் பொறுக்கினார். எட்டு கிடைத்தன. முட்டையிடும் தாய் ராணியைத் தொடவில்லை. எல்லாவற்றையும் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுவைத்து, சில வாரம் கழித்து அறுத்தார். ஆண் தேனீ கிடைக்கவில்லை என்று அந்த வரியைக் காலியாக விட்டார்.

அறுக்கும் முறைக்கு நான் கொடுத்த கைப்புத்தக நகலையே பின்பற்றினார். அது கொடுக்குள்ள தேனீக்காக எழுதப்பட்டது. கொடுத்தவன் நான் என்பதை இங்கேயே பதிந்துவைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அட்டவணை வந்தது. ஊட்டுச் சுரப்பி (ஹைப்போஃபாரின்ஜியல் சுரப்பியை எங்கள் மேசையில் அப்படித்தான் சொல்வோம்) ராணியிலும் வேலைக்காரியிலும் ஏறத்தாழ ஒரே அளவு. மெழுகுச் சுரப்பி இரண்டிலும் இல்லை. தலைக்குள் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் பைகள் இரண்டிலும் வெறுமை. முடிவு: இந்தத் தேனீயில் பிரிவுகளுக்கிடையே சுரப்பி வேறுபாடு இல்லை.

வழிகாட்டிக்குப் பிடித்திருந்தது. எதிர்பாராத முடிவு என்றால் கட்டுரைக்கு நல்லது என்றார். கருத்தரங்குச் சுருக்கம் எழுதும் வேலையும் தொடங்கிவிட்டது.

சந்தேகம் வந்த விதம்

எனக்கு முதலில் உறுத்தியது மெழுகுதான். கூடு முழுக்க மெழுகால் கட்டியிருக்கிறது, கட்டுகிற தேனீயிடம் மெழுகுச் சுரப்பி இல்லை என்றால் எப்படி? மாணவியிடம் கேட்டேன். “சார், எட்டு தகட்டையும் பார்த்துட்டேன், வயித்துல ஒண்ணுமே இல்ல” என்றார்.

அவர் சொன்னது சரி, வயிற்றில் ஒன்றும் இல்லை. கொடுக்குள்ள தேனீயில் மெழுகு சுரப்பது வயிற்றின் அடிப்பக்கம், 4-ஆவது முதல் 7-ஆவது கண்டம் வரை, பக்கத்துக்கு நான்காக எட்டுப் பளபளப்பான தகடுகள். கொடுக்கில்லாத் தேனீக்கு மெழுகு முதுகுப்பக்கம் வருகிறது. ஒரு முதுகுத் தகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலிருந்து மெல்லிய ஏடாகப் பிதுங்கும். அவர் தேனீயை மல்லாக்கக் கிடத்தி, கைப்புத்தகம் சொன்ன இடத்தைக் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

இதற்கான சான்று அவருடைய குப்பியிலேயே கிடந்தது. பெட்டி திறந்த நாளில் உதவியாளர், முட்டையறைகளின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த வெளுத்த நிறத் தேனீ ஒன்றையும் சேர்த்துப் பிடித்துப் போட்டிருந்தார். மாணவி அதை ‘முதிராதது’ என்று ஒதுக்கியிருந்தார். அதைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் விளக்கைத் தாழ்த்தினேன். முதுகின் நடுவே, இரண்டு தகடுகளின் இடுக்கிலிருந்து கண்ணாடித்தாள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஓரம் கொஞ்சம் கிழிந்து, ஊசி முனையால் தொட்டால் வளைந்தது, உடையவில்லை. சூடான ஊசியை அருகில் கொண்டுபோனதும் சுருண்டு உருகிவிட்டது. மெழுகு. மாணவியின் குறிப்பேட்டில் அதே தேனீக்கு எதிரே ‘முதுகில் தூசு’ என்று எழுதியிருந்தது.

அப்புறம் ‘ராணி’களை எடுத்தோம். எட்டில் மூன்று பெரியவை, வயிறு நீண்டவை. மற்ற ஐந்தும் வேலைக்காரி அளவே. மாணவியிடம் இதற்கும் விளக்கம் இருந்தது. கொடுக்கில்லாத் தேனீக்களில் ஷ்வார்சியானா குவாட்ரிபங்க்டாட்டா போன்ற சில இனங்களில், வேலைக்காரியின் அறையிலேயே வளர்ந்து, வேலைக்காரி அளவிலேயே வெளிவரும் குட்டி ராணிகள் உண்டு. அது உண்மை. அதைப் படித்திருந்ததால்தான் இந்த ஐந்தையும் குட்டி ராணி என்று எழுதிவிட்டார். படிக்காதவர் என்றால் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார் என்று பிறகு உதவியாளர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

உணர்கொம்பை எண்ணச் சொன்னேன். பெண் தேனீக்கு, ராணியோ வேலைக்காரியோ, 12 கணுக்கள். ஆணுக்கு 13. முதல் தேனீயை எண்ணி “பதிமூணு” என்றார். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு கொம்பையும் எண்ணினார். பிறகு அடுத்த தேனீ. ஐந்தாவதை எண்ணும்போது வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஐந்தும் ஆண்.

மகரந்தக் கூடை இல்லாதது ராணியின் அடையாளம் என்பது பாதிதான். ஆணுக்கும் அது இல்லை. தலையை மட்டும் அறுத்து, வயிறுகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவைத்திருந்ததால், ஆணுறுப்பைப் பார்க்கும் வாய்ப்பும் நழுவியிருக்கிறது. ஆண் கிடைக்கவில்லை என்று விட்ட வரிக்கு உரிய தேனீக்கள் ராணி வரியில் உட்கார்ந்திருந்தன.

மூன்றாவது சிக்கல் வாசல் குழாய். வாசலில் பிடிபடுவது பெரும்பாலும் வெளிவேலை பார்க்கும் வயதான தேனீ. கொடுக்கில்லாத் தேனீயின் வேலைக்காரி வெளிறிய இளந்தேனீயாக அறைகளருகே தொடங்கி, மெழுகு தந்து, அறை கட்டி, கூழ் நிரப்பி, பிறகு தேன் வாங்கி வைத்து, காவல் நின்று, கடைசியில்தான் வெளியே போகிறது. சுரப்பிகளும் அந்த வரிசையில் பெருத்துச் சுருங்கும். ஊட்டும் வேலை முடிந்த தேனீயில் ஊட்டுச் சுரப்பியை அளந்தால் என்ன கிடைக்கும்? சுருங்கியதுதான் கிடைக்கும். அதை ஐந்து ஆண், மூன்று ராணி சேர்ந்த சராசரியோடு ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நான்காவது, வெறும் பைகள். தலை உமிழ்நீர்ச் சுரப்பியில் இருப்பது எண்ணெய்ப் பசையான பொருள். ஆல்கஹாலில் வாரக்கணக்கில் ஊறி, சைலீனில் முங்கி, பாரஃபினில் பதிந்து ஸ்லைடுக்கு வரும்போது கொழுப்பு கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது பையின் சுவர். ‘சுரக்கவில்லை’ என்று மாணவி எழுதியது, சுரந்ததை நாமே கழுவிவிட்டதன் தடம்.

இத்தனை நாள் நுண்ணோக்கி அருகே இருந்ததில் இந்த நிகழ்வு என்னை உலுக்கியதற்குக் காரணம் தவறுகளின் எண்ணிக்கை அல்ல. நான்கும் தனித்தனியாக வந்தவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆனால் நான்குமே வேறுபாட்டை அழிக்கும் பக்கமே இழுத்தன. ஏதாவது ஒன்று எதிர்ப்பக்கம் இழுத்திருந்தால் எண்கள் முரண்பட்டு, முதல் வாரத்திலேயே யாராவது கேள்வி கேட்டிருப்போம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததால் அட்டவணை மிக ஒழுங்காக இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கருத்தரங்குச் சுருக்கத்தை நிறுத்தினோம். வழிகாட்டி ஒரு நாள் யோசித்தார். ஐந்து ஆண்களை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்து எழுதலாமா என்று கேட்டார். வேலைக்காரிகள் எல்லாம் ஒரே வயதுக் கூட்டம் என்பதால் அது உதவாது என்றேன். பழைய எண்களில் ஒன்றைக்கூடப் புதிய அட்டவணைக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவானது.

அறுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தேனீக்கும் வெளி அடையாளம் மூன்று பதிய வேண்டும்: உணர்கொம்புக் கணு, பின்கால், வயிற்று நுனி. ராணி என்றால் அதற்கு மேல் ஒரு நிபந்தனை, அது எந்த அறையிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் கூட்டுக்குள் திரிவதைப் பொறுக்காமல், முட்டையறைக் கொத்தில் பெரிதாகத் தெரியும் ராணி அறைகளையே எடுத்து வெளிவரவைப்பது என்று ஏற்பாடு.

வயதுக்குக் குறியிட வேண்டும். கண் கறுத்த கூட்டுப்புழுக்கள் உள்ள அறைக்கொத்து ஒன்றை எடுத்து, ஈரப்பதத்தோடு இன்குபேட்டரில் வைத்தோம். வெளிவந்த இளந்தேனீயின் நெஞ்சில் ஒரு சொட்டு வண்ணம், பிறகு கூட்டுக்குள் விடுதல். வெளிறிய இளந்தேனீயைக் கூடு மறுக்காது என்பது இதில் வசதி. வாரத்துக்கு ஒரு நிறம்.

எழுத எளிதாக இருக்கிறது. 4 மில்லிமீட்டர் தேனீயின் நெஞ்சில் சொட்டு வைப்பது வேறு விஷயம். முதல் நாள் தூரிகையால் வைத்தபோது பாதித் தேனீக்களுக்கு இறக்கை ஒட்டிக்கொண்டது. உதவியாளர் ஒரு பூச்சி ஊசியின் முனையை வண்ணத்தில் தொட்டு, தேனீயைப் பஞ்சுக்கு அடியில் மெதுவாக அழுத்தி, ஒரே தொடுதலில் வைத்துக் காட்டினார். “ஏம்மா, இது பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை, பொட்டு வைக்கிற வேலை” என்றார். அதன்பிறகு சாவு குறைந்தது. அப்படியும் சில சொட்டுகளைக் கூட்டாளிகள் சுரண்டி எடுத்துவிட்டன, சிலவற்றின் மேல் பிசின் அப்பியிருந்தது. குறி தெளிவில்லாத தேனீயை எடுப்பதில்லை என்று விதித்துக்கொண்டதால் எண்ணிக்கை சுருங்கியது. அதை ஏற்றுக்கொண்டோம்.

திசுவைப் புதிதாகவே பார்ப்பது என்பது அடுத்த முடிவு. தேனீயைக் குளிரில் மயக்கி, உப்புக்கரைசலில் அறுத்து, கொழுப்புள்ள சுரப்பியை, கொழுப்பைக் கறுப்பாகக் காட்டும் சூடான் பிளாக் என்ற சாயத்தில் முழுதாகப் பார்த்தோம். வெட்டிப் பார்க்க வேண்டியவற்றுக்கு மட்டும் பாரஃபின், அதிலும் வெற்றிடத்தைக் கண்டால் ‘வெற்றிடம்’ என்றே எழுத வேண்டும், ‘சுரக்கவில்லை’ என்று எழுதக்கூடாது.

கடைசியாக, அளப்பவருக்கு அது எந்தத் தேனீ என்று தெரியக்கூடாது. உதவியாளர் குப்பிகளுக்கு எண் மட்டும் ஒட்டினார், பட்டியல் அவர் மேசையில் இருந்தது.

தாய் ராணியை அறுப்பதா என்பதில்தான் நெடுநேரப் பேச்சு. அவள் இல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது என்பது வழிகாட்டியின் வாதம், அது நியாயம்தான். ஆனால் கூடு ஒன்று. முட்டையிடத் தொடங்கிய ராணியின் வயிறு ஊதி அவளால் பறக்க முடியாமல் போகும், அவளை எடுத்தால் புதிய ராணி வந்து, பறந்துபோய் ஆணோடு சேர்ந்து, முட்டையிடும்வரை கூடு தாங்க வேண்டும். ஆய்வின் பாதியில் அந்த ஆபத்தை எடுக்க முடியாது என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் சுற்றில் கண்டது

ஊட்டுச் சுரப்பி முதலில். மூளைக்கு முன்னால், இரு பக்கமும் சுருண்டு கிடக்கும் நீண்ட குழாய், அதில் நூலில் கோத்த மணிபோலச் சின்னச் சின்ன உருண்டைகள். அன்றே வெளிவந்த தேனீயில் மணிகள் சிறிதாக, ஒன்றோடொன்று இடைவெளி விட்டு இருந்தன. அறைகளருகே வேலை பார்த்த குறியிட்ட தேனீக்களில் மணிகள் பருத்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, குழாயே தெரியவில்லை. இடுக்கி பட்டாலே பால்போலக் கசிந்தது. மகரந்தத்தோடு வாசலில் இறங்கிய தேனீக்களில் மணிகள் மறுபடி சுருங்கி, நிறமும் மஞ்சளடித்திருந்தது. ஒரே பிரிவுக்குள், வேலைக்காரிக்கும் வேலைக்காரிக்கும் இடையில் இவ்வளவு தூரம். மாணவியின் பழைய அளவுகள் எல்லாம் இந்த மூன்றாவது கூட்டத்துக்குள் அடங்கிவிட்டன.

ராணி அறையிலிருந்து வந்த கன்னி ராணிகள் நான்கே கிடைத்தன. அவற்றிலும் ஊட்டுச் சுரப்பி இருந்தது, ஆனால் ஊட்டும் வயது வேலைக்காரியின் அளவுக்கு அருகில்கூட வரவில்லை. கொடுக்கில்லாத் தேனீக்களில் சில இனங்களில் ராணிக்கும் ஆணுக்கும்கூட இந்தச் சுரப்பி உண்டு என்பது முன்பே தெரிந்ததுதான், கொடுக்குள்ள தேனீயின் ராணியை மனதில் வைத்துக்கொண்டு வருபவருக்கு அது வியப்பாக இருக்கும். ‘இருக்கிறதா’ என்று கேட்டால் வேறுபாடு இல்லை. ‘எந்த வயதில், எவ்வளவு’ என்று கேட்டால் வேறுபாடு பெரிது.

மெழுகுச் சுரப்பியைக் குறுக்குவெட்டில் பார்த்தோம். இள வேலைக்காரியின் முதுகுத் தகட்டுக்கு அடியில் செல்கள் உயரமாக, தூண்கள் போல நின்றன. வெளிவேலைத் தேனீயில் அதே இடத்தில் தரையோடு தரையாகப் படிந்த மெல்லிய அடுக்கு. ஆண்களின் மெழுகை நாங்கள் பார்க்கவில்லை, ஆனால் மெலிப்போனாவில் ஆணும் மெழுகு சுரப்பதுண்டு என்பதால் அடுத்தவர் பார்த்தால் நல்லது.

தலை உமிழ்நீர்ச் சுரப்பிக்குத்தான் மாணவி அதிக நேரம் கொடுத்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். தாடைக்குச் செல்லும் பாதையை ஒட்டித் தாடைச் சுரப்பி ஒரு பையாக இருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியின் பைகள் மூளையைச் சுற்றி, தலையின் பின்பக்கம்வரை பரவியிருக்கும். புதிய தேனீயில் சூடான் பிளாக் போட்டதும் வெளிவேலைத் தேனீயின் பின்தலையில் கறுப்புத் திராட்சைக் கொத்துபோல அவை எழுந்து நின்றன. இளந்தேனீயில் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் சில புள்ளிகள். பழைய ஸ்லைடுகளில் ‘வெறுமை’ என்று எழுதிய அதே பைகள்.

இங்கே ஒரு வரலாறு உண்டு. கொடுக்கில்லாத் தேனீக்கள் சில, தீனி கிடைத்த இடத்துக்குக் கூட்டாளிகளை அழைத்துவர வழியெங்கும் மணப்புள்ளி வைத்துப் போகும். லிண்டாவரும் கெரும் 1950களின் இறுதியில் அந்த மணம் தாடைச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எழுதினார்கள். நெடுங்காலம் பாடநூல்களிலும் அப்படியே நின்றது. 2004-இல் யாராவ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ட்ரைகோனா ரெகுர்சா என்ற இனத்தில் சோதித்து, வழி காட்டுவது உமிழ்நீர்ச் சுரப்பியின் சுரப்பு என்று காட்டினார்கள். பிறகு அதில் முக்கியப் பொருள் ஹெக்சைல் டெக்கனோயேட் என்றும் தெரிந்தது. தாடைச் சுரப்பிக்கு வேறு வேலைகள் உண்டு: கொள்ளையடித்தே வாழும் லெஸ்ட்ரிமெலிட்டாவின் எலுமிச்சை வாசம் அங்கிருந்து வருகிறது, ஆக்சிட்ரைகோனா தோலைச் சுடும் ஃபார்மிக் அமிலத்தை வைத்திருப்பதும் அங்கேதான். இரண்டு சுரப்பிகளும் ஒரே தலைக்குள், விரல்நகத்தில் பாதிகூட இல்லாத இடத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. வழிகாட்டியின் பழைய குறிப்புகளில் இந்தப் பைகளுக்குத் ‘தாடைச் சுரப்பி’ என்றே பெயர் எழுதியிருந்தது. அவரே அடித்துத் திருத்தினார்.

வயிற்று நுனியில், கொடுக்கின் அடியில் திறக்கும் டூஃபோர் சுரப்பியைக் கன்னி ராணிகளில் கண்டோம், வேலைக்காரிகளில் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பல இனங்களில் இப்படித்தான் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. கொடுக்கு இருவரிடமும் தேய்ந்துபோன மிச்சமாகவே இருந்தது. முட்டைகள் உருவாகும் சூலகக் குழல்களை எண்ணியபோது ராணிக்கும் வேலைக்காரிக்கும் பக்கத்துக்கு நான்கு, ஒரே எண். கொடுக்குள்ள தேனீயில் ராணிக்கு ஒரு பக்கமே நூற்றுக்கு மேல் போகும். மாணவி இதை எழுதும்போது “இதுலயும் வேறுபாடு இல்லைன்னு போட பயமா இருக்கு சார்” என்றார். போடலாம், எண்ணியாகிவிட்டது, என்றேன்.

விளைவு

ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப் போனது. தலைப்பு ‘பிரிவு வேறுபாடு’ என்பதிலிருந்து ‘வயதும் பிரிவும்’ என்று மாறியது. முன்னுரையில் ராணி ‘அரசக் கூழ்’ உண்டு வளர்வதாக ஒரு வரி இருந்தது, அதுவும் கொடுக்குள்ள தேனீயிடமிருந்து ஒட்டி வந்ததுதான். வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் கண்ணில் பட்டது. தேர்வாளர் கேட்டதும் கிட்டத்தட்ட அதையே: நாள்தோறும் ஊட்டாத தேனீயில் ராணி எப்படி உருவாகிறாள்? பெரிய அறை, அதிகக் கூழ், ஒருமுறை வைத்து மூடுவது என்று மாணவி தடுமாறாமல் சொன்னார்.

கூடு கொஞ்சம் வாடியது. அறைக்கொத்து எடுத்ததும், அடிக்கடி திறந்ததும் சேர்ந்து, பல நாள் வேலைக்காரிகள் இடுக்குகளைப் பிசினால் அடைப்பதிலேயே இருந்தன. வாசல் குழாய் நீண்டது, கூட்டம் குறைந்தது. பிறகு மீண்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியது

எந்தத் தேனீயை அறுக்கப் போகிறோமோ அதற்கான வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் முதல் பத்துத் தேனீக்களை அளக்காமல், முதுகு, வயிறு, தலை, கால் என்று எல்லாப் பக்கமும் சும்மா பார்த்து வரைவதற்கு ஒதுக்கலாம். கைப்புத்தக நகலின் முதல் பக்கத்தில் ‘கொடுக்குள்ள தேனீக்கு மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

இடைக்கால அட்டவணையை வழிகாட்டி பார்க்கும்போது நுண்ணோக்கி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும், தன் மேசையில் அல்ல. எண்களைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை, தேனீயைப் பார்த்ததும் அரை மணி நேரத்தில் வந்தது. ‘தூசு’, ‘முதிராதது’ என்று ஒதுக்கப்பட்டவற்றுக்கும் எண் போட்டு ஒரு தட்டில் வைக்க வேண்டும் என்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

குறைந்தது மூன்று கூடுகள் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு தாய் ராணியைத் தொடவும் முடியவில்லை, தொடாமல் இருக்கவும் மனம் வரவில்லை. நான்கு கன்னி ராணிகளை வைத்துச் சொன்னதற்கு மேல் ராணியைப் பற்றி ஆய்வேட்டில் எதுவும் சொல்லவில்லை.

ஐந்து ஆண்களின் தலைகளை மாணவி தூக்கிப் போடப் பார்த்தார், உதவியாளர் விடவில்லை. அந்தக் குப்பியில் ‘குட்டி ராணி’ என்ற பழைய சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது, கீழே புதிய சீட்டில் ‘13’ என்று மட்டும். ஆய்வேட்டின் அட்டவணையில் ‘முட்டையிடும் ராணி’ என்ற வரி காலியாகவே அச்சானது. கூடு தானாக ராணியை மாற்றும் காலம் வந்தால் பழைய ராணியை எடுக்கலாம் என்று பெட்டியின் மேல் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறோம். வாரம் ஒருமுறை உதவியாளர் வாசலில் நின்று பார்க்கிறார்.